இரண்டாம் சனிக்கிழமைச் சங்கு

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீசில் அன்புச்செல்வி சேர்ந்த நாள் 1998 ஜூன் 1. வருகைப் பதிவும் ஷிப்டுச் சங்கும் அவர் பொறுப்பு. வாட்ச்மேன் கண்ணயர்ந்தால் சங்கும் தாமதமாகும். பேச்சு வாங்குவது அன்புச்செல்வி. ஐம்பதாவது வயதில் அதற்கு ஒரு முடிவு கட்டினார். மூலையில் கிடந்த கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைத் தானே செய்யும் 'க்ரான்' என்ற ஏற்பாட்டோடு சங்கை இணைத்தார். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஒரு நிமிடம் பிசகியதில்லை.

மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தரைக்குத் தீ விபத்து ஒத்திகை. 2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை மாலை அந்தச் சங்கையும் க்ரானிடமே ஒப்படைத்தார். இரண்டாம் சனி எப்போதும் எட்டாம் தேதியிலிருந்து பதினான்குக்குள் வரும். ஆகவே, 'தேதி 8 முதல் 14, கிழமை சனி' என்று ஒரே வரியில் குறித்துவைத்தார்.

2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை, காலை 10.30. சங்கு அலறியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டது போட்டபடி மைதானத்துக்கு ஓடினார்கள்.

"ஏனுங்க்கா, யாருக்குச் சங்கு ஊதுனீங்க?" என்று சிரித்தார் லேத் ஓட்டும் முஜீப்.

மேனேஜர் சீனிவாசலு சிரிக்கவில்லை. "இருவதாம் தேதி வரைக்கும் பார்ப்பேனுங்க அம்மணி. இன்னொருக்கா தப்பா ஊதுச்சுன்னா, கம்ப்யூட்டரைக் கழட்டிப்போட்டு வாட்ச்மேன்கிட்டயே உட்டுருவேன்."

அன்புச்செல்வி சாப்பாட்டுக்குப் போகவில்லை. க்ரானின் கையேட்டை வரிவரியாகப் படித்தார். 1.10க்குப் பிடிபட்டது. தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் இரண்டும் கூடிவரும்வரை க்ரான் காத்திருப்பதில்லை. ஏதாவது ஒன்று பொருந்தினாலே போதும் என்று கிளம்பிவிடும். தேதியை அந்த வரியிலிருந்து எடுத்தார். சனிதோறும் பத்தரைக்கு ஒரு சிறு நிரல் எழுந்து, இன்று தேதி எட்டு முதல் பதினான்குக்குள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் மட்டும் ஊதும்.

9, 10, 11, 12: பத்தரைக்கு அமைதி. 13, சனி: சங்கு முழங்கியது. மூன்று நிமிடம் நாற்பது விநாடியில் மைதானம் நிறைந்தது.

20, சனி. சீனிவாசலு கைக்கடிகாரத்தோடு டைம் ஆபீசுக்கே வந்து நின்றார். 10.30. 10.31. 10.35.

"ஏனுங்க அம்மணி, இன்னும் ஊதலீங்களே?"

"ஊதக் கூடாதுங்க சார். இன்னைக்கு மூணாவது சனி."

சீனிவாசலு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப தண்ணி மோட்டார், கேட் லைட்டு, அத்தனையும் இதுலயே மாட்டிப்போடுங்க."

"திங்கக்கெழமை காலையில மாட்டிப்போடறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அன்புச்செல்வி பதிவேட்டைத் திறந்து எழுதினார்: '20.9.2025, 10.30. ஊதவில்லை. சரி.'