அக்னஸும் குட்டி போட்ட வில்லைகளும்

திண்டிவனத்துக்கு வெளியே, மயிலம் போகும் சாலையில் ஒரு சின்னத் தொழிற்கூடம் இருக்கிறது. வயர்லெஸ் செட்டுகளுக்கு ஃபில்டர் செய்கிறார்கள். அங்கே டெஸ்டிங்கில் இருப்பவள் அக்னஸ். பிறந்தது முகையூர், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். தினமும் காலை ரயிலில் வருகிறாள். முதலில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். டெஸ்டிங்கில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போய்த் திரும்பாததால் அந்த நாற்காலியில் இவளை உட்கார வைத்தார்கள். மிஷினோடு வந்த புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு வரி புரியாவிட்டால் அடுத்த வரிக்குப் போகமாட்டாள். புத்தகம் முடிவதற்குள் அந்த மிஷினே பழசாகி வேறு மிஷின் வந்துவிட்டது. அதற்கும் ஒரு புத்தகம் இருந்தது.

"உப்பு போட்டா ரெண்டு தடவ ருசி பார்ப்பா. மூணாவது தடவ பார்க்கறப்ப கொழம்பு இருக்காது" என்பான் அவள் கணவன் அலெக்ஸ்.

ஃபில்டருக்குள் இருப்பது குவார்ட்ஸ் வில்லை. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். அதில் மின்சாரம் பட்டால் அதிரும். தனக்கென்று உள்ள ஒரே வேகத்தில் அதிரும். அந்த வேகத்தில் வரும் சிக்னலை மட்டும் உள்ளே விடும், மற்றதை நிறுத்திவிடும். அதிர்வு வில்லையின் நடுவிலேயே அடங்கினால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஓரம் வரை போய்விட்டால் அங்கே மோதித் திரும்பி, வேண்டாத வேறொரு அதிர்வைக் கிளப்பிவிடும். அந்த வழியாக வேறொரு சிக்னலும் நுழைந்து, ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு கேட்கும். டெஸ்டிங் திரையில் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் சின்ன மேடாக இது தெரியும். தொழிற்கூடத்தில் இதற்குக் குட்டி என்று பெயர். "இந்த வில்ல குட்டி போட்டிருக்கு" என்றால் குப்பைக்குப் போகவேண்டிய வில்லை என்று அர்த்தம்.

குட்டி போடாமல் இருக்க, வில்லை இட்லி மாதிரி இருக்க வேண்டும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. அப்படி இருந்தால் அதிர்வு நடுவை விட்டு நகராது. இதைச் செய்வது டிரம். இரும்புக் குழாய்க்குள் வில்லைகளையும் தேய்ப்புப் பொடியையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டு, மூடியை முடுக்கிச் சுழலவிடுவார்கள். வில்லைகள் குழாயின் வளைவில் உருண்டு உருண்டு ஓரம் தேயும். டிரம் பிரிவுக்குப் பொறுப்பு பாண்டுரங்கன். மயிலம் பக்கத்துக்காரர். ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை இருக்கிறது. அது அவரை நம்பி இல்லை, அவர் மனைவி பாஞ்சாலியை நம்பி இருக்கிறது.

அந்த வருஷம் பாண்டுரங்கனின் பெரியப்பா இறந்துபோனார். வருஷம் முடியும் வரை அவர்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் தொழிற்கூடத்தில் எல்லாரும் அவரவர் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்கள். டிரம்களுக்கு வைக்க ஆள் இல்லை. பாண்டுரங்கன் டெஸ்டிங் அறை வாசலில் வந்து நின்றார்.

"அக்னஸு, டிரம்முக்கு நீ வச்சிடும்மா."

"நானாண்ணே? நான் கோயிலுக்குப் போற ஆளில்லயே."

"டிரம்மும்தான் போவாது. நான் தொடக்கூடாது, அதான். நீ வையி, நான் வெளியே நின்னுக்கினு சொல்றேன்."

அவர் ஷெட்டுக்கு வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து டிரம் தெரியாது. அக்னஸ் பன்னீரில் குழைத்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"எங்க வைக்கணும்ணே?"

"வேலை செய்ற எடத்துல வையி. மோட்டாரு, பெல்ட்டு, எல்லாத்துக்கும்."

அக்னஸ் யோசித்தாள். டிரம்மில் வேலை நடப்பது உள்ளேதான். அவள் ஒவ்வொரு மூடியையும் கழற்றி, உள்பக்கத்திலும் தாராளமாகச் சந்தனம் பூசி, பழையபடி முடுக்கினாள். அரைகுறையாக எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

விடுமுறை முடிந்து ஓட்டிய லோடில் பாதி வில்லைகள் குட்டி போட்டன. அடுத்த லோடும் அப்படியே. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் ஆனந்தராஜ் சத்தம் போடுகிறவர் இல்லை. டிரம் பிரிவுக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். "இந்த லோடும் இப்படித்தான்னா ஓரம் தேய்ச்ச வில்லையாவே வெளிய வாங்கிக்கலாம், பாண்டுரங்கன். டிரம்ம எடுத்துடலாம்" என்றார்.

டிரம் போனால் பாண்டுரங்கனுக்கு அங்கே வேறு வேலை இல்லை. கொல்லைக்குப் போகலாம். பாஞ்சாலி அவரைக் களையெடுக்கக்கூட விடமாட்டாள். செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்.

"தீட்டும்மா. நான் இங்க வந்துக்கினு போய்க்கினு இருக்கேன் இல்ல, அதான். ஒரு வருஷம் லீவு போட்டிருக்கணும்" என்றார் அக்னஸிடம்.

"தீட்டு எப்படிண்ணே பாதி வில்லையில மட்டும் வரும்?"

அவர் அடுத்த லோடை எடுக்கப் போய்விட்டார்.

குட்டி போட்ட வில்லைகளை அவள் குப்பைக்கு அனுப்பாமல் வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் ஓரமாக நிறுத்திப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு முகம் இட்லி, மறுமுகம் தோசைக்கல். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் மறுபக்கத்தை எதுவோ மூடியிருக்க வேண்டும். வில்லையை மூட டிரம்முக்குள் இன்னொரு வில்லையை விட்டால் வேறு எதுவும் இல்லை. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு உருண்டிருக்கின்றன, ஈர அப்பளம் மாதிரி. குவார்ட்ஸ் தானாக ஒட்டாது.

டிரம்மிலிருந்த பொடியைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். சாம்பல் நிறப் பொடி அடியில் படிந்தது. மேலே மஞ்சளாக ஒன்று மிதந்தது. முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். மூன்றாவது தடவை தேவைப்படவில்லை.

கிண்ணத்தோடு பாண்டுரங்கனிடம் போனாள். "அண்ணே, உங்க தீட்டு இல்ல. நான் மூடிக்கு உள்ள சந்தனம் வச்சிட்டேன். அது உதிர்ந்து பொடியில கலந்து வில்லைய ரெண்டு ரெண்டா ஒட்ட வச்சிருக்கு."

"உள்ளயா?"

"வேலை செய்ற எடத்துல வைக்கச் சொன்னீங்க."

பாண்டுரங்கன் கிண்ணத்தைப் பார்த்தார். "சாமிக்கு வச்சது கெடுதல் பண்ணுமாம்மா? நீ எனக்காகச் சொல்றே."

அக்னஸ் ஆறுதலுக்காக எதுவும் சொல்கிற ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நம்பவில்லை. அவள் ஆனந்தராஜிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். ரெண்டு டிரம்மைக் கழுவி, புதுப்பொடி போட்டு, ஒன்றில் மட்டும் சந்தனம் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம் என்றாள்.

ஆனந்தராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "கம்பெனிக்காரங்க காரணம் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"சந்தனம்னு சொல்லுங்க சார்."

"பேஜாருதான்" என்றார். பிறகு, "ஓட்டுங்க" என்றார்.

மறுபடியும் சந்தனம் வைக்க வேண்டியிருந்தது. பாண்டுரங்கன் தொடமாட்டார் என்பதால் இந்தத் தடவையும் அக்னஸே வைத்தாள். அவர் மறுபடியும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பூஜை இல்லை, சோதனைதான் என்று சொல்லிப் பார்த்தாள். சந்தனம் சந்தனம்தான் என்றார்.

டிரம்கள் ஓடி முடிந்தன. வில்லைகளைக் கழுவி, மின்சாரம் பாய வெள்ளி பூசி, டெஸ்டிங்குக்கு எடுத்து வந்தார்கள். சந்தன டிரம்மின் வில்லைகள் முன்போலவே பாதிக்குப் பாதி குட்டி போட்டன. சுத்தமான டிரம்மிலிருந்து முதலில் எடுத்த பத்தில் ஒன்றுகூடப் போடவில்லை. பாண்டுரங்கன் அவள் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"தீட்டுன்னா ரெண்டு டிரம்முலயும் வந்திருக்கணும்ணே" என்றாள்.

"சந்தனம்தானா?"

"சந்தனம்தான்."

பெரியப்பாவின் காரியத்திலிருந்து அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. "சந்தனம்னா பரவாயில்ல" என்றார்.

பிறகு சுத்தமான டிரம்மின் மீதி வில்லைகளை அவள் ஒவ்வொன்றாக மிஷினில் வைத்தாள். திரையில் ஒரு பெரிய மேடு, அதற்கு அப்புறம் சமதரையாக ஒரு கோடு. அடுத்த வில்லையும் அப்படியே. அதற்கடுத்ததும். ஆனந்தராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, டிரம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தேய்ப்புப் பொடி எத்தனை மூட்டை இருக்கிறது என்று பாண்டுரங்கனைக் கேட்டார். புது மூட்டை சொல்லவேண்டும் என்றார் அவர். சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஆனந்தராஜ் போய்விட்டார்.

பாண்டுரங்கன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் விரல் காட்டிய இடத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லயேம்மா."

"ஆமாண்ணே" என்றாள் அக்னஸ், அடுத்த வில்லையை எடுத்துக்கொண்டே.