எனக்குப் பின்னால் வராதே

இடது கால் கட்டைவிரல் அரித்தது. ராணுவ மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே சொறியக் கையை நீட்டினேன். போர்வைதான் கையில் அகப்பட்டது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே காலை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார்.

அரிப்பு பிறகு வலியாக மாறியது. அது ஃபேன்டம் வலி (எடுத்துவிட்ட உறுப்பில் தொடர்ந்து உணரப்படும் வலி) என்றார் டாக்டர். "கால்தான் இல்லை. வலி நிஜம். உங்களுக்குப் பைத்தியம் ஒன்றும் பிடிக்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். இல்லாத காலைத் தடவிக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மாத்திரைக்கும், இருக்கிற காலின் பிம்பத்தைப் பார்த்தபடி செய்யும் கண்ணாடிப் பயிற்சிக்கும் அந்த வலி நன்றாகவே கேட்டது.

எதற்கும் கேட்காத இன்னொன்று இருந்தது. அதை டாக்டரிடம் நான் சொல்லவே இல்லை.

எல்லையில் இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. மலைச்சரிவில் ரோந்து போகும்போது, முன்னால் போகிறவன் கால்வைத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவனும் வைக்க வேண்டும். கண்ணிவெடிக்காக வகுத்த முறை. அன்று முன்னால் போனது நான். பின்னால் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், தன் தட்டு நிறைந்திருந்தாலும் என் தட்டில் கைவைப்பவன். மழையில் மண்ணோடு சரிந்து வந்த வெடி ஒன்று பாதையில் புதைந்திருக்கிறது. நான் மிதித்தபோது அது வெடிக்கவில்லை. என் தடத்தில் அவன் மிதித்தான். அவன் அங்கேயே போய்விட்டான், எனக்குக் கால் போயிற்று. சொன்னபடி ஒழுங்காக நடந்ததைத் தவிர அவன் வேறெதுவும் செய்யவில்லை.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது மகள் யாழினிக்கு ஆறு வயது. கடைக்குப் போனாலும் வாய்க்காலுக்குப் போனாலும் வால் மாதிரி என் பின்னாலேயே வந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் எனக்கு முதுகு வேர்த்துவிடும், இல்லாத பாதம் சுண்டி இழுக்கும். "பின்னால வராத" என்று அதட்டினேன். பிறகு "நில்லு" என்று கத்தத் தொடங்கினேன். சொன்ன மாத்திரத்தில் நிற்க அவளும் பழகிவிட்டாள்.

"புள்ள உங்களப் பாத்து பயப்படுதுங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க. இல்ல, என்கிட்டயாவது சொல்லுங்க" என்றாள் மனைவி செல்வி. பட்டாளத்துக்காரன் வீம்பு, வாயைத் திறக்கவில்லை. என் மகளை நானே இழந்துகொண்டிருந்தேன்.

புரட்டாசியில் சம்பா நடவு. நடவு மெஷின் திரும்ப முடியாத மூலை வயலில் ராணியக்காவும் நான்கு பெண்களும் கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். செயற்கைக் கால் சேற்றுக்கு ஆகாது என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் வயலில் நான் இறங்காமல் வேறு யார் இறங்குவது என்று இறங்கினேன். நாலாவது அடியில் சேறு பிடித்துக்கொண்டது. இழுத்த இழுப்பில் ஸ்டம்ப் (வெட்டியபின் எஞ்சிய கால் முனை) மட்டும் கழன்று வந்தது. கால் சேற்றில் தன்னந்தனியாக நின்றது. பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நானும் சிரித்திருப்பேன்.

அதற்குள் பின்னால் சளக் சளக்கென்று சத்தம். வரப்பில் கிடந்த ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு, என் தடங்களில் காலை வைத்து யாழினி வந்துகொண்டிருந்தாள்.

"நில்லு! காலக் கீழ வைக்காத!"

தூக்கிய காலோடு அப்படியே நின்றாள். ஊன்றுகோல் பாரத்தில் உடம்பு ஆடியது. "நின்னுட்டேன்ப்பா" என்றாள். சற்றுப் பொறுத்து, "இப்ப வைக்கலாமா?" என்று கேட்டாள்.

ராணியக்கா நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டார். மற்றொரு கையால், குனிந்து, என் காலடிப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தூர்த்து மட்டப்படுத்தினார்.

"அப்பா தடத்த ஏன் அத்தை அழிக்கிறீங்க?"

"பள்ளத்துல நட்டா நாத்து மெதந்துடும்டா கண்ணு. எங்க காலடியயும் நாங்க தூத்துட்டுத்தான் நடுவோம்."

பிறந்ததிலிருந்து நான் பார்த்து வரும் வேலைதான் அது. அன்று என்னவோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கிடந்த தடங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. சேற்றில் ஒற்றைக் காலில் நின்று, ஊர்ப் பெண்கள் முன்னால், இசக்கிக்காக முதல்முறையாக அழுதேன்.

அன்றைக்கே செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் தஞ்சாவூருக்கு ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பின் விடாமல் தொடரும் மன நோய்) என்றார் அவர். "பிள்ளையப் பின்னால வர விடுங்க. சத்தம் கேட்டா திரும்பாதீங்க. தாங்குற வரைக்கும் நடங்க, மறுநாள் இன்னும் கொஞ்சம் நடங்க" என்றார். காலுக்கு வைத்தியம் பார்த்த அன்றே இதையும் நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது தினமும் காலையில் யாழினியைப் பள்ளி வேன் வரும் இடத்துக்கு வாய்க்கால் கரையோடு கூட்டிப் போகிறேன். நான் முன்னால், அவள் பின்னால். இசக்கி எங்கும் போய்விடவில்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் வருகிறான். நான் ஓர் அடி வைத்ததும் காலம் நின்றுவிடுகிறது. அவள் அடி கேட்ட பிறகே மறுபடி ஓடுகிறது.

சில நாள், நான் ஒன்றும் சொல்லாமலே, அவள் நின்றுவிடுகிறாள்.

"வரலாமாப்பா?"

"வாம்மா" என்கிறேன். சொல்லிவிட்டு, அவள் பாதம் தரையில் படும்வரை மூச்சுவிடாமல் நிற்கிறேன்.