ஊறாத கரி

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைக் கரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மேஸ்திரி அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தாளாம்.

அடுப்புக்கரி இல்லை அது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டிகளுக்குள் போகிற கரி. மரத்தூளைச் சுட்டுக் கரியாக்கி, காரம் சேர்த்து மறுபடியும் சுட்டால், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் எக்கச்சக்கமாக விழும். மின்சாரம் அந்த ஓட்டைகளில்தான் போய் ஒண்டிக்கொள்ளும். ஓட்டை போட்ட காரத்தைக் கழுவி வெளியேற்றுவது கரியக்காவின் வேலை. தொட்டியும் ஒன்றுதான், கழுவுகிறவளும் ஒருத்திதான். அமிலம் கலந்த தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு வெறும் தண்ணீர். கடைசியில் சோதனைக் காகிதத்தை முக்கிப் பார்ப்பாள். நீலமானால் காரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு சனியன் உண்டு. கழுவி முடித்ததும் முக்கினால் காகிதம் சமர்த்தாக இருக்கும். கரியைத் தண்ணீரிலேயே ஊறவிட்டு மறுநாள் வந்து பார்த்தால், வயிற்றில் பதுக்கி வைத்ததையெல்லாம் கக்கியிருக்கும். மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். அந்த வேலை முடிவதற்குள் வீட்டுக்குப் போகும் மணி எப்போதோ அடித்திருக்கும். ஊறவிடாமல் அனுப்பினால் மட்டும் யாருக்குத் தெரியப்போகிறது? பெட்டி புதிதில் ஜம்மென்று ஓடும். நாள்பட நாள்படத்தான் உள்ளே காற்று கட்டி, உப்பி, ஒருநாள் செத்துப்போகும்.

பல வருஷம் அவள் ஊறவிட்டுத்தான் கழுவினாள். அண்ணன் படுத்த படுக்கையான பிறகுதான் அது மாறியது. சோம்பலால் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகட்டும். அப்பா அம்மா போன பின் லாரி ஓட்டி அவளை வளர்த்தவன் அவன். அவளுக்கும் அவனைத் தவிர நாதி இல்லை. நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு, பிராணவாயு தருகிற மெஷினை நம்பி மாடி அறையில் கிடந்தான். அவள் வந்து புரட்டிப் படுக்க வைத்தால்தான் முதுகுக்கு விடுதலை. அதனால் மணி அடித்ததும் கிளம்ப வேண்டியிருந்தது. கழுவிய கையோடு காகிதத்தை முக்கினாள், சரி என்று அனுப்பினாள், ஓடினாள்.

"பாப்பா, குளிச்சிட்டு வந்தியா, இனிமேதான் குளிக்கணுமா?" என்பான் அண்ணன், அவள் கழுத்துக் கரியைப் பார்த்து.

"மூச்சு விடவே முடியல, அதுல நக்கல் வேற," என்று அவனைப் புரட்டுவாள்.

அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் கீழே கடை வைத்திருந்த தையல்காரர்தான் காவல். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அவர் கத்திரிக்கோலைப் போட்டது போட்டபடி மாடிக்கு ஓடி, குழாயை சிலிண்டரில் மாற்றி விடுவார். ஒருதடவை வாயில் ஊசியோடு ஏறி வந்தார்.

பிறகு தொழிற்சாலையில் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அவள் கழுவிய கரியில் செய்த பெட்டி. கரண்ட் போனால் மெஷினைக் கொஞ்ச நேரம் தாங்கும். தையல்காரர் நிதானமாக ஏறி வரலாம். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்த அன்று அவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. "உன் கரி என்னைக் காப்பாத்துது பாரு," என்றான் அண்ணன். உள்ளுக்குள் ஏதோ நெருடியது. எல்லாப் பெட்டியுமா கெட்டுப்போகும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டி சொன்ன சொல் கேட்டது.

அன்று மத்தியானம் கரண்ட் போனது. தையல்காரர் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். பெட்டிதான் இருக்கிறதே என்று, அளவெடுத்து முடித்து, ஆளை அனுப்பிவிட்டு ஏறினார். பெட்டி ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அண்ணன் குழாயைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி போயிருந்தான்.

அவள் வந்து சேர்ந்தபோது தையல்காரர் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"நான்தான் கொன்னுட்டேன்க்கா. முன்ன மாதிரி ஓடி வந்திருக்கணும்."

"உங்க மேல தப்பில்லங்க," என்றாள். அவரைத் தாண்டி மாடிக்கு ஏறினாள்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பெட்டியைக் கட்டிலடியிலிருந்து இழுத்தாள். பக்கவாட்டில் உப்பியிருந்தது. மூடியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. வேலைக்குப் போடும் சட்டைப் பையில் எப்போதும் நாலு சோதனைக் காகிதம் கிடக்கும். ஒன்றை எடுத்து, நாக்கில் நனைத்து, அந்த வெள்ளையில் வைத்தாள்.

நீலம்.

திரும்ப வேலைக்குப் போன அன்று தொட்டி நிறையக் கரியைக் கழுவி, ஊறவிட்டாள். மறுநாள் காகிதம் நீலமானது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்து எல்லோரும் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"மணி அடிச்சா மொத ஆளா ஓடுவீங்களே, கிளம்பலயாக்கா?"

"இன்னும் நீலம் போகல."

"நாளைக்குப் பாத்துக்கலாம். வீட்டுக்குப் போங்க."

"போயி?" என்றாள்.

அவள் குழாயைத் திறந்து, தொட்டியில் மறுபடி தண்ணீர் விட்டாள்.