பச்சைக் குவளை

பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்த மாட்சா பச்சைத் தேநீர்க் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். பக்கத்து உணவகத்தில் ரொட்டி போடுகிறவர். முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது. பச்சைக் குவளை கைக்கு வந்ததும் சட்டை நுனியால் துடைத்து, கடைப்பெயர் தெரியத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்க குடிங்கண்ணே. எனக்கு சுகர் இருக்கு."

"அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

"ஊர்ல மக கேட்டுச்சு. வெளிநாட்டுல இருக்கிற அப்பாங்க எல்லாம் இதக் குடிச்சுப் படம் போடுறாங்களாம். நீங்க ஏம்ப்பா போடலன்னு."

படம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு ரொட்டிக் கல்லுக்குத் திரும்பினார்.

நான் வாங்கியதும் சேர்த்து இரண்டு குவளைகளோடு நின்றேன். எனக்கு அந்தப் பச்சை வாடையே பிடிக்காது. நல்லவேளை, நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை.