முன்சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் சித்தப்பா ஒரு விமானம் கட்டினார். இதைச் சொன்னால் இப்போதும் எதிரில் இருப்பவர்கள் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உத்தனப்பள்ளியில் இறங்கியதும் வீட்டுக்குள் வரமாட்டார். நேரே பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போவார். முன்பு ரோஜாப்பூவைக் கட்டுக் கட்டிப் பெட்டியில் அடுக்குவதற்காகப் போட்ட கொட்டகை அது. அதற்குள்தான் ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானம் ஆறு வருஷமாக வளர்ந்துகொண்டிருந்தது.

பறப்பதற்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருந்தார். அது வரும்வரை ஊருக்கு வெளியே இருந்த எருதுவிடும் திடலில் தரையோடு ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. பொங்கல் முடிந்தால் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும் நீளமான திடல். முதல் தடவை ஓட்டியபோது, விழாவுக்குத் தடுப்புக்கட்டை நட்ட குழி ஒன்றில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் கால் மடங்கியது, மூக்கு மண்ணில் குத்தியது, மரக் காற்றாடி துண்டு துண்டாகத் தெறித்தது. ஊர் தமிழிலும் தெலுங்கிலும் சிரித்தது. சித்தப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை. 

மறுபடி எல்லாவற்றையும் சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று. சித்தி அதுவரை பொறுத்தார். பிறகு ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார், “இன்னொரு தடவ மூக்கு ஒடைஞ்சிதுன்னா காயலாங்கடைக்குத்தான். நீங்களே ஏத்தி அனுப்பணும்.” சித்தப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் அது சத்தியம் மாதிரி. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். எனக்கு அந்த விமானத்தின் மேல் அவ்வளவு ஆசை.

அதற்குப் பிறகு அவர் அந்த முன்சக்கரத்துக்குக் கொடுத்த மரியாதையை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். யாரும் மூக்கைப் பிடித்துத் தள்ளக்கூடாது. திருப்ப வேண்டுமென்றால் வாலை அமுக்கி, மூக்கைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும். ஓட்டும்போது கைப்பிடி ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையுமாம். கொட்டகையில் உட்கார்ந்து அதையே மணிக்கணக்காகப் பழகுவார். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, “ஓடாத வண்டிய என்னா இழு இழுக்கறாரு பாரு” என்பார்.

இரண்டாம் தடவை ஓட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். சனிக்கிழமை சாயங்காலம் சித்தி மூன்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார், சக்கரத்துக்கு ஒன்றாக. புது வண்டி எடுக்கும் எவரும் செய்வதுதான். போன தடவை அதைச் செய்யாததால்தான் மூக்கு உடைந்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. சித்தப்பா பின்சக்கரங்களுக்கு இரண்டு பழம் போதும் என்றார். “முன்னாடி சக்கரத்துக்கு வேணாம். அது போற வழியில ஒரு கூழாங்கல்லு கூட இருக்கக்கூடாது.”

உடைகிற சக்கரத்துக்கே பழம் இல்லையா? ஆனால் சித்தப்பா சொன்னதையும் மீறக்கூடாது. நெடுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மண்ணுக்கு மேலே வைத்தால்தானே தடங்கல்? மூன்றாவது பழத்தையும் களைக்கொத்தையும் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திடலுக்கு ஓடினேன். நேராக ஓட்டுவதற்காகச் சித்தப்பா சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டின் மேலேயே முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டினேன். வேண்டிக்கொண்டது யார் என்று சாமிக்குத் தெரிய வேண்டும் அல்லவா? என் இரண்டு ஜடைகளில் ஒன்றிலிருந்து பச்சை ரிப்பனை அவிழ்த்துப் பழத்தைச் சுற்றிக் கட்டி, உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, மேலே சுண்ணாம்பைத் தடவிவிட்டேன். செய்த வேலையில் எனக்கே ஒரு கர்வம்.

காலையில் திடலில் கூட்டம் கூடிவிட்டது. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டின் மேல் குதிகாலை ஊன்றி ஊன்றி அடியடியாக நடந்தார். பாதி தூரத்தில் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு ஜல்லியும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, அந்த இடத்தைக் கடப்பாரையின் பின்பக்கத்தால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தினார்.

“எலி வளை” என்றார் வந்து.

என் பழத்துக்குப் பக்கத்திலேயே எலி வளையா என்று எனக்குத் திக்கென்றது. எலி பழத்தைத் தின்றுவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

போகிற போக்கில் என் தலையைப் பார்த்தார். “என்னா பாப்பா, ஒரு ஜடையில ரிப்பனக் காணோம்?”

“தொலைஞ்சி போச்சி சித்தப்பா.”

“கெடச்சிடும்” என்றார்.

பின்சக்கரங்கள் இரண்டு பழங்களையும் நசுக்கிக்கொண்டு புறப்பட்டன. புழுதிக்குள்ளிருந்து விமானம் வேகம் பிடித்தது. முன்சக்கரம் இடித்துக் கெட்டிப்படுத்திய இடத்தின் மேல் குலுங்காமல் ஓடியது. அதைத் தாண்டியதும் மெல்ல, ஒரு சாண் உயரத்துக்குத் தரையை விட்டு எழுந்தது. திடலின் கோடியில் மூக்கு பூப்போல இறங்கி நின்றது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சித்தப்பாவின் முகத்துக்கு முன்னால், கண்ணாடிக்குக் கீழே, என் எலுமிச்சம்பழம் பச்சை ரிப்பனோடு ஆடிக்கொண்டிருந்தது!

மண்ணுக்குள்ளிருந்து சாமியே எடுத்துக்கொண்டுவந்து கட்டிவிட்டது என்று நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு மாதம் எனக்குப் பக்தி தாங்கவில்லை.

பல வருஷம் கழித்து, வேலைக்குப் போகும் பஸ் ஜூஜுவாடியைத் தாண்டும்போது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கித் தூக்கிப் போட்டது. அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. மேல்மண் பொலபொலவென்று மூடிய குழி, கோட்டின் நடுவிலேயே. அவர் செருப்போடு நடந்திருந்தால் அது காலுக்குத் தெரிந்திருக்காது, விமானம் அன்றே காயலாங்கடைக்குப் போயிருக்கும். அவர் வாயைத் திறந்திருந்தால், இத்தனை வருஷமும் நான் அந்தக் குழியைச் சுமந்துகொண்டு திரிந்திருப்பேன். பஸ்ஸிலேயே கண்ணீர் வந்துவிட்டது. போன் போட்டேன்.

“சித்தப்பா, அன்னைக்குத் திடல்ல இருந்தது எலி வளையா?”

போனுக்குள், கொட்டகையில் அரம் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“எலி வளைதாம் பாப்பா” என்றார். “ரெண்டு ஜடை போட்ட எலி.”