பதில் சொல்லாமல் போன ஜீப்

2013ஆம் ஆண்டு பட்டிப்பொங்கலன்று, நெடுங்கேணிப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர்களின் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக் குழுவின் ஜீப் வாசிகசாலை வாசலிலிருந்து புறப்பட்டது. "சிறுநீரக நோய் இருக்கோ எண்டு பாத்து முடிவு அனுப்புவம், ஐயா" என்றார்கள். கதிர்காமநாதன் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி மற்றக் கையை அசைத்தார். அவருடைய மகள் சிவதர்சினி பக்கத்தில் நின்றாள்.

முடிவு வரவேயில்லை. "பிழை இருந்தால் சொல்லியிருப்பினம்தானே" என்று அவர் நிம்மதியாக வயலுக்குப் போய்வந்தார். கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டிருந்தன. அவருடைய செத்தவீட்டில்தான் அந்த ஆராய்ச்சி எப்போதோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்துவிட்ட கதையை யாரோ சொன்னார்கள். சிவதர்சினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இரண்டாம் தரமும் போதவில்லை. மூன்றாம் தரம் எடுக்கச் சொல்லி அம்மா இலட்சுமி மல்லுக்கட்டினார்.

"பயோ படிச்சுப்போட்டு டொக்டராகாட்டில் சனம் என்ன சொல்லும்?"

"டொக்டரிட்டப் போகோணுமெண்டு அப்பாவுக்கு நேரத்தோட தெரிஞ்சிருக்கோணும், அம்மா. நான் அதைத்தான் படிக்கப்போறன். சனம் என்னத்தையும் சொல்லட்டும்."

யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்தாள். பிறகு கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து சோதனைக்குழாய் கழுவினாள். மின்வெட்டுக் காலத்தில் உறைபெட்டிகளில் இருந்த மாதிரிகள் இளகாமல் காவலிருந்தாள். அங்கேயே கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தது. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போதே ரத்தம் என்ன அடையாளம் காட்டுகிறது என்பது அவளுடைய ஆய்வு. ரத்தம் எடுக்க அவள் தேர்ந்தெடுத்த இடம் நெடுங்கேணி.

"ஆளாளுக்கு முடிவு அனுப்புறது எங்கட வேலையில்லை" என்றார் அவளுடைய பேராசிரியர். "எங்களுக்கு ஒவ்வொண்டும் ஒரு இலக்கம்தான்."

"குடுக்கிற சனத்துக்குப் பேர் இருக்கு, சேர். முடிவு திரும்பிப் போகாட்டில் நான் ஊசி தூக்கமாட்டன்."

"அப்பிடியெண்டால் ஆய்வு ஒழுக்கக் குழுவிட்டத் திரும்ப அனுமதி எடுக்கவேணும். உம்மட பட்டம் பிந்தும்."

"பிந்தட்டும்."

பிந்தித்தான் போனது. கூடச் சேர்ந்தவர்கள் பட்டமளிப்புப் படங்களை முகநூலில் போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் அதே வாசிகசாலையில் ஐஸ் பெட்டியோடு நின்றாள். முதல் ஜீப் வந்த அன்று அவளுடைய தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்து ரத்தம் கொடுத்த பரமலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நுளம்பு கடிச்சு ரத்தம் குடிச்சாலும் சுவரிலதான் இருக்கும், அடிக்கலாம். உங்கட ஆக்கள் ஜீப்பில எல்லோ ஓடுறவை!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் நகரவில்லை.

"மாமா, நான் கதிர்காமநாதன்ரை மகள். பதில் வராட்டில் எங்கட வீட்டு வாசல் படலையைப் பிடுங்கிக்கொண்டு போங்கோ."

பரமலிங்கம் அவளையே பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார். "படலை புதுசு. யோசிச்சுக் கதை."

இயந்திரம் பழுதாயிற்று, இரசாயனம் துறைமுகத்தில் கிடந்தது. அவள் விடவில்லை. அடுத்த மாரியில் ஒவ்வொருவருக்கும் தமிழில் முடிவு போனது. பரமலிங்கத்துக்கு, சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருக்கிறது, உடனே கிளினிக்குக்குப் போகவும் என்று எழுதியிருந்தாள். மறுமொழி இல்லை. அழைத்தாலும் எடுக்கவில்லை.

அறுவடையும் முடிந்த பிறகு, ஆய்வுகூடத்தில் கையுறையைக் கழற்றும்போது அவளுடைய தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"பிள்ளை, பரமலிங்கம் கதைக்கிறன். உன்ரை முடிவைக் கண்டோடன பயந்துபோனன், அதுதான் எடுக்கேல்லை. இப்ப கிளினிக்குக்கு ஒழுங்காப் போய்வாறன். நேரத்தோட வந்தபடியால் மருந்தோட சமாளிக்கலாமாம். படலை தப்பீட்டுது. மற்றக் கை சும்மாதான் இருக்கு, ஊசியோட எப்ப வாறாய்?"