துடைத்த பஞ்சின் உருவம்

பனியன் கம்பெனி வேலை போக, கேமராவில் நட்சத்திரம் பிடிக்கிற பைத்தியமும் எனக்கு இருந்தது. லென்ஸின் வாயில் வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டி, விடியல் வானத்தைப் படமெடுத்து வைப்பேன். அந்த வெற்றுப் படத்தில் விழுந்த தூசி நிழல்களைப் பார்த்து, கணினி நட்சத்திரப் படத்திலும் அவற்றை நீக்கிவிடும்.

ஒரு வாரம் எல்லாப் படத்திலும், ஒரே இடத்தில், வெளுத்த உருவம் ஒன்று கூனி நின்றது.

"ஏனுங்க, அது நம்மளத்தான் பாக்குது. கேமராவ நாளைக்கே வித்துப்போடுங்க," என்றாள் மனைவி.

"அது மேகம் கண்ணு," என்றேன். சொல்லும்போதே கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் ஏற்றிவிட்டிருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. முந்தின வாரம் கேமராவுக்குள் ஒட்டியிருந்த பஞ்சு இழையைத் துடைத்து எடுத்தவன், சோம்பலில் அதன் நிழல் விழுந்த பழைய வெற்றுப் படங்களையே கணினிக்குக் கொடுத்திருந்தேன். இல்லாத நிழலை நீக்கப்போய், கணினி அந்த இடத்தை வெளுப்பாக்கிவிட்டது.

மறுபடி துணி கட்டிப் புதிதாக எடுத்தேன். வானம் சுத்தமானது.

"போயிருச்சுங்களா?"

"அது போயி ஒரு வாரமாச்சு. நாம பாத்தது, அது இல்லாத எடத்த."

கேமரா தப்பியது. ஆனால் உருவம் விழுந்த படங்களை அழிக்கும்வரை அவள் அந்த அறையில் விளக்கை அணைக்க விடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.